வெளியீட்டு நாளுக்கு முன்பே கடையில் கிடைக்கும் பிராசசரை வாங்கலாமா?

கேள்வி: 1 மார்ச் 2021

இன்டெலின் 11ஆம் தலைமுறை பிராசசர்கள் மார்ச் இறுதியில்தான் விற்பனைக்கு வரும் என்கிறார்கள். ஆனால் ஜெர்மனியின் மைண்ட்ஃபேக்டரி கடை கோர் ஐ7-11700கே-யை 469 யூரோவுக்கு இப்போதே விற்றிருக்கிறது. வாங்கியவர்கள் படம் போடுகிறார்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரும் தன்னிடம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார். இப்படி வாங்குவது சட்டப்படி சரியா? வாங்கினால் பின்னால் சிக்கல் வருமா?

1 மார்ச் 2021, இரவு

சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட நாள் வரை விற்கக் கூடாது என்பது இன்டெலுக்கும் விநியோகஸ்தருக்கும், விநியோகஸ்தருக்கும் கடைக்கும் இடையிலான ஏற்பாடு. வாங்குபவர் அதில் எந்த இடத்திலும் கையெழுத்துப் போடவில்லை. கடை பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துப் பொருளைக் கையில் தந்துவிட்டால் அது உங்களுடையது. அதைக் கணினியில் மாட்டலாம், சோதிக்கலாம், சோதித்ததை ஊருக்கே சொல்லலாம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் என்பது இன்டெலிடமிருந்து இலவசமாக மாதிரி வாங்கும் சோதனையாளர்களைக் கட்டுப்படுத்துமே தவிர, சொந்தக் காசு கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது.

பின்னால் வரும் சிக்கல் வேறு விஷயம். அதை ஒரே மூச்சில் சொல்ல முடியாது.

2 மார்ச் 2021

கடைகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சில ஆண்டுகள் ஒரு கணினிக் கடையின் சரக்கு அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். புதிய பிராசசர்கள் வெளியீட்டு நாளன்று லாரியில் வந்து இறங்குவதில்லை. பல நாள் முன்பே, சில சமயம் வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். எங்கள் கடையில் அந்த அட்டைப் பெட்டிகளின் மேல் விற்பனை நாளைத் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டி, பூட்டுள்ள அலமாரியில் வைப்போம். ஆனால் கணக்கு மென்பொருளில் அந்தச் சரக்கு வரவு வைக்கப்பட்ட நொடியிலிருந்து அது கடையின் பணம். வாங்கியதற்கான தவணை ஓடிக்கொண்டிருக்கும், விற்க முடியாது. அலமாரியின் சாவி முதலாளியிடம் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இப்போது அதைவிட வலுவான காரணமும் இருக்கிறது. கடந்த நவம்பரில் வந்த ஏஎம்டி ரைசன் 5000 வரிசை இன்னும் கேட்ட இடத்தில் கிடைப்பதில்லை. கிராபிக்ஸ் கார்டுகளின் நிலை அதைவிட மோசம். சரக்கே இல்லாத சந்தையில், புதிய பெயர் ஒன்று கையிருப்பில் இருக்கும் முதல் கடை அதற்கு என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம். மாட்டிக்கொண்டால் அடுத்த முறை சரக்கு தாமதமாக வரும், அல்லது வெளியீட்டு ஒதுக்கீடு குறையும். பெரிய கடைக்கு அந்தத் தண்டனை தாங்கக்கூடியதுதான். சிறிய கடைக்காரருக்கு அது பிழைப்பையே பாதிக்கும். உங்கள் ஊர்க் கடைக்காரர் துணிந்து செய்கிறார் என்றால், ரசீதில் என்ன எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

3 மார்ச் 2021

உங்களிடம் எந்த மதர்போர்டு இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை. விலையைவிட இது முக்கியம்.

இந்தப் பிராசசர் எல்ஜிஏ 1200 சாக்கெட்டில்தான் உட்காரும். எனவே 10ஆம் தலைமுறைப் போர்டில் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். இசட்490, எச்470 போர்டுகளில் புதிய பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஏற்றினால் இயங்கும். பி460, எச்410 போர்டுகளில் இயங்காது, ஏனெனில் அவற்றின் சிப்செட்டுகள் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகள்) பழைய 22 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை. இன்டெல் அவற்றை ஆதரவுப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஜனவரியில் அறிமுகமான இசட்590 போர்டுகள் இந்தத் தலைமுறைக்காகவே வந்தவை, ஆனால் அவற்றின் பெட்டிக்குள் இருக்கும் பயாஸும் முதிர்ந்தது அல்ல.

பயாஸை எப்படி ஏற்றுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்டின் பின்புறத்தில் பிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் பிராசசரே தேவையில்லை. எஃப்ஏடி32 முறையில் அமைத்த யுஎஸ்பி குச்சியில் கோப்பைப் போட்டு, தயாரிப்பாளர் சொல்லும் பெயருக்கு மாற்றி, குறியிட்ட துளையில் செருகி, 24 முனை இணைப்பையும் 8 முனை இணைப்பையும் மட்டும் மாட்டிப் பொத்தானைச் சில நொடி அழுத்த வேண்டும். விளக்கு மினுக்கத் தொடங்கும். அது அணையும் வரை மின்சாரத்தைத் தொடவே கூடாது. பொத்தான் இல்லாத போர்டு என்றால் 10ஆம் தலைமுறைப் பிராசசர் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டித்தான் ஏற்ற முடியும். நல்ல கடைகளில் இதற்கென்றே இன்டெலின் மலிவான செலரான் பிராசசர் ஒன்று இழுப்பறையில் கிடக்கும். உங்கள் கடைக்காரரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அவரிடம் முன்கூட்டியே வாங்குவதில் பாதிப் பயன் போய்விட்டது.

5 மார்ச் 2021

ஆனந்த்டெக் தளம் இன்று 11700கே-யின் முழுச் சோதனையை வெளியிட்டிருக்கிறது. சோதித்தவர் இயன் கட்ரஸ். இன்டெல் கொடுத்த மாதிரியை அவர் பயன்படுத்தவில்லை. சில்லறைக் கடையில் வாங்கிய பிராசசரைச் சோதித்திருக்கிறார். ஆகவே எந்தத் தடை நாளும் அவரைக் கட்டுப்படுத்தவில்லை.

எண்களைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எட்டுக் கோர்கள், 14 நானோமீட்டர், பெட்டியின் கணக்கில் 125 வாட். ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளை (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடுபவை) முழுவீச்சில் ஓட்டும்போது மின்செலவு 290 வாட்டை ஒட்டிப் போகிறது. கணக்கிடும் வேலைகளில் முந்தைய 10700கே-யைவிட நன்றாகவே முன்னேறியிருக்கிறது. விளையாட்டுகளில் சில இடங்களில் அதே 10700கே-யிடம் தோற்கிறது, ரைசன் 5800எக்ஸ் இன்னும் முன்னால் நிற்கிறது. புதிய கட்டமைப்பில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் தற்காலிக நினைவகத்தை (கேஷ்) அணுக ஆகும் நேரம் கூடியிருப்பதை அவர் அளந்து காட்டுகிறார், விளையாட்டுகளின் சரிவுக்கு அது பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

இந்தச் சோதனை இன்று நம் கையில் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் ஒரு கடை நாளுக்கு முன்பே விற்றதுதான். வாங்க நினைத்த ஒவ்வொருவரும் விளம்பரம் வருவதற்கு முன்பே உண்மையைப் படிக்கிறார்கள். இதை நான் மனமார வரவேற்கிறேன்.

6 மார்ச் 2021

நேற்றைய குறிப்புக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. பயாஸ் முடிவடையாத நிலையில் சோதிப்பது இன்டெலுக்கு அநியாயம் என்கிறார்கள். மறுக்க முடியாத கருத்துதான், மதர்போர்டு நிறுவனங்கள் இந்த மாதம் முழுவதும் புதிய மைக்ரோகோடு (பிராசசரின் நடத்தையைத் திருத்தும் சிறு நிரல்) அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அநியாயம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். 469 யூரோ கொடுத்தவர் தன் மேசையில் ஓட்டப்போவதும் இதே முடிவடையாத பயாஸைத்தான். அவர் வாங்கிய பொருள் இன்று எப்படி ஓடுகிறது என்று சொல்வது அவருக்குச் செய்யும் நியாயம். மூன்று வாரம் கழித்து மேம்பட்டால் அப்போது மறுபடியும் அளக்கட்டும், அதையும் படிப்போம்.

6 மார்ச் 2021, சற்றுப் பிறகு

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது திரும்பப் பெறும் உரிமை நினைவுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழி வாங்கிய பொருளைக் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். மார்ச் முதல் வாரத்தில் பெட்டி வந்தவருக்கு அந்த 14 நாள் மார்ச் நடுவிலேயே முடிந்துவிடும். முதிர்ந்த பயாஸும் மற்ற சோதனையாளர்களின் அளவீடுகளும் அதற்குப் பிறகுதான் வரும். அதாவது, மனம் மாறுவதற்கான காலம் முடிந்த பிறகே மனம் மாறுவதற்கான தகவல்கள் வருகின்றன. வெளியீட்டு நாளன்று வாங்குபவருக்கு இந்தக் குறை இல்லை. நேற்று வந்த ஒரே ஒரு சோதனைதான் இவர்களுக்கு அந்த 14 நாளுக்குள் கிடைத்திருக்கும் துணை.

கேள்வி கேட்டவருக்குத் தனியாக ஒன்று: கடைக்கு நேரில் போய் வாங்கினால் இந்த உரிமை கிடையாது. கடைக்காரர் தாமாக ஒப்புக்கொண்டால்தான் உண்டு. பழுதுக்கான இரண்டாண்டுப் பொறுப்பு இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மெதுவாக இருப்பது பழுது என்ற கணக்கில் வராது.

9 மார்ச் 2021

ரசீதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அப்படிச் சொல்லக் காரணமான சம்பவம் 2011 ஜனவரியில் நடந்தது.

அன்று இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் வந்த நேரம். சோதனைகள் ஜனவரி 3 அன்று வெளியாகிவிட்டன, விற்பனை நாள் ஜனவரி 9. என் சித்தப்பா மகன் அதற்குச் சில நாள் முன்பே ஒரு சிறிய கடையில் பிராசசரையும் போர்டையும் சேர்த்து வாங்கிவிட்டான். கடைக்காரர் ரசீதில் ஜனவரி 10 என்று எழுதினார். 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கடை திறந்திருக்காது என்பதால் அந்தக் கவனம். தம்பியோ அன்று இரவே போர்டின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் பதிவு செய்துவிட்டான்.

ஜனவரி 31 அன்று இன்டெல் ஒரு பழுதை அறிவித்தது. பிராசசரில் குறை இல்லை, போர்டில் இருக்கும் கூகர் பாயின்ட் சிப்செட்டில்தான். வன்தட்டு போன்றவற்றை இணைக்கும் அதன் சாட்டா துளைகளில் 3 கிகாபிட் வேகம் கொண்ட நான்கும் நாளடைவில் வலுவிழக்கக்கூடும், 6 கிகாபிட் துளைகள் இரண்டுக்கும் பாதிப்பில்லை. ஒரு டிரான்சிஸ்டருக்கு அது தாங்கக்கூடியதைவிட அதிக மின்னழுத்தம் போனதுதான் காரணம். பழுதைச் சரிசெய்து மாற்றிக் கொடுக்க 70 கோடி டாலர் ஆகும் என்று இன்டெலே மதிப்பிட்டது. நானும் தம்பியும் அன்று மாலை அவன் கணினியைத் திறந்து, வன்தட்டையும் டிவிடி இயக்கியையும் வேறு நிறத்தில் இருந்த அந்த இரண்டு துளைகளுக்கு மாற்றி வைத்தோம்.

திருத்திய போர்டு வந்தபோது மாற்றக் கொண்டுபோனான். ரசீதில் இருக்கும் நாளுக்கு முன்பே பொருள் பதிவாகியிருக்கிறதே என்று தயாரிப்பாளர் தரப்பில் கேட்டார்கள். இது கைமாறிய பழைய சரக்கா, ரசீது இன்னொரு போர்டுடையதா என்று சந்தேகம். கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் முன்கூட்டியே விற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் போர்டு மாறியது, ஆனால் அதற்குள் தம்பி எழுதிய கடிதங்களும் அலைந்த அலைச்சலும் தேவையற்றவை. எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் இருக்கும் வருத்தம் அவர் நாளுக்கு முன்பே விற்றார் என்பதற்காக அல்ல. தன்னைக் காத்துக்கொள்ள வாங்கியவனின் ரசீதில் பொய் எழுதினார் என்பதற்காகத்தான். உண்மையான தேதியுடன் ரசீது தராத கடையில் வாங்காதீர்கள்.

17 மார்ச் 2021

நேற்று இன்டெல் முறையாக அறிவித்துவிட்டது. விற்பனை மார்ச் 30. 11700கே-யின் பட்டியல் விலை 399 டாலர், உச்ச வகையான ஐ9-11900கே-க்கு 539 டாலர். இவை ஆயிரம் எண்ணிக்கையில் வாங்குபவருக்கான, வரி சேராத விலைகள். ஒரு யூரோ ஏறத்தாழ 1.19 டாலர் என்று வைத்து 19 சதவீத ஜெர்மன் வரியைச் சேர்த்தால் 11700கே 400 யூரோவை ஒட்டி நிற்கிறது. கடைக்கும் லாபம் வேண்டும் என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால், முன்கூட்டியே வாங்கியவர்கள் ஏறத்தாழ 70 யூரோ கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு விவரமும் நேற்றுதான் வெளிவந்தது. நினைவகக் கட்டுப்பாட்டகம் நினைவகத்தின் வேகத்துக்கு இணையாக ஓடும் கியர் 1 முறை, டிடிஆர்4-3200 வேகத்தில் 11900கே, 11900கேஎஃப் (உள் கிராபிக்ஸ் இல்லாத வகை) ஆகியவற்றுக்கே அதிகாரபூர்வமாக உண்டு. மற்றவற்றுக்கு அந்த வேகத்தில் பாதி வேகமான கியர் 2தான், கியர் 1 வேண்டுமென்றால் 2933 வரை. பிப்ரவரியில் பெட்டியை வாங்கியவருக்கு இது தெரிய வழியே இல்லை. அவர் 3200 நினைவகத்தையும் சேர்த்தே வாங்கியிருப்பார்.

25 மார்ச் 2021

விற்பனைக்குச் சில நாளே இருக்கும்போது ஐ9 வகைக்கு அடாப்டிவ் பூஸ்ட் என்ற புதிய வேக வசதியை இன்டெல் சேர்த்திருக்கிறது, அதற்கும் புதிய பயாஸ் வேண்டும். 11700கே-க்கு இது இல்லை.

31 மார்ச் 2021

ஆனந்த்டெக் நேற்று 11ஆம் தலைமுறையின் மூன்று பிராசசர்களைச் சேர்த்துப் புதிய மைக்ரோகோடில் அளந்திருக்கிறது. சில எண்கள் உயர்ந்திருக்கின்றன. ஆனால் மார்ச் 5 அன்று படித்த பொதுப் படம் மாறவில்லை. மின்செலவு அதே அளவில் பயமுறுத்துகிறது, விளையாட்டில் பெரும்பாலான இடங்களில் ரைசனைப் பிடிக்க முடியவில்லை. 11900கே-க்கும் எட்டே கோர்கள் என்பதால், பத்துக் கோர் கொண்ட பழைய 10900கே பல கோர்களைக் கேட்கும் வேலைகளில் அதற்குச் சளைக்கவில்லை. முன்கூட்டியே சோதித்தது தவறான பெயரை உண்டாக்கிவிட்டது என்று சொன்னவர்கள் இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

30 அக்டோபர் 2021

அமெரிக்காவில் ஒருவர் இன்டெலின் 12ஆம் தலைமுறை கோர் ஐ9-12900கே இரண்டை, ஒவ்வொன்றும் 610 டாலருக்கு, விற்பனை நாளுக்கு முன்பே வாங்கிப் படம் போட்டதை இங்கே பகிர்ந்திருக்கிறார்கள். விற்பனை நவம்பர் 4. இந்த முறை கதை வேறு. சாக்கெட் எல்ஜிஏ 1700 ஆகிவிட்டது, இசட்690 போர்டுகளும் அதே தடை நாளுக்காகப் பூட்டிக் கிடக்கின்றன. பிராசசரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். இதில் இருக்கும் வேகமான கோர்கள், சிக்கனமான கோர்கள் என்ற இரண்டு வகைக்கும் வேலையை நன்றாகப் பங்கிட விண்டோஸ் 11தான் ஏற்றது, அதுவே இந்த மாதம் 5ஆம் தேதிதான் வந்தது. புதிய சாக்கெட் வரும் ஆண்டில் முன்கூட்டியே வாங்குவதில் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை.

25 ஜூலை 2024

இந்த இழையை மறுபடி திறக்க வேண்டியதாகிவிட்டது. ஜூலை 31 அன்று வரவிருந்த ரைசன் 9000 பிராசசர்களை ஏஎம்டி தள்ளிவைத்திருக்கிறது. 9600எக்ஸ், 9700எக்ஸ் ஆகஸ்ட் 8, 9900எக்ஸ், 9950எக்ஸ் ஆகஸ்ட் 15. முதலில் அனுப்பிய பெட்டிகள் தங்கள் தர எதிர்பார்ப்பை முழுமையாக எட்டவில்லை என்று மூத்த துணைத் தலைவர் ஜாக் ஹுயின் அறிவித்திருக்கிறார். கடைகளுக்குப் போன சரக்கு திரும்ப எடுக்கப்படுகிறது.

மூன்று ஆண்டுக்கு முன் நான் இங்கே எழுதியதில் தடை நாள் என்பது நிறுவனத்தின் விளம்பர வசதிக்காக மட்டுமே இருப்பது போன்ற தொனி இருந்தது. இப்போது அதன் இன்னொரு பயனும் கண்ணில் படுகிறது. சரக்கு அலமாரியில் பூட்டிக் கிடந்ததால்தான் ஏஎம்டியால் விநியோகஸ்தருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எல்லாவற்றையும் திரும்பப் பெற முடிகிறது. 2011இல் இன்டெல் அறிவித்தபோது போர்டுகள் விற்பனைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, வீடு வீடாகத் தேட வேண்டியிருந்தது. இம்முறை யாராவது நாளுக்கு முன்பே வாங்கியிருந்தால், அவர் கையில் இருப்பது தயாரிப்பாளரே திருப்பிக் கேட்கும் பெட்டி. முன்கூட்டியே விற்ற கடைக்காரர் அவரை அழைத்துச் சொல்வாரா? என் தம்பியின் கடைக்காரரை நினைத்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

27 ஜூலை 2024

பிராசசரின் உலோக மூடியில் பெயர் தவறாகப் பொறிக்கப்பட்ட ஒரு ரைசனின் படம் சுற்றுகிறது: 9700எக்ஸ் என்பதற்கு முன்னால் ரைசன் 7 என்று இருக்க வேண்டிய இடத்தில் ரைசன் 9. தாமதத்துக்கு இதுதான் காரணம் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். ஏஎம்டி அப்படி அறிவிக்கவில்லை. எழுத்துப் பிழை மட்டுமே என்றாலும் அந்தப் பெட்டியை மறுவிற்பனை செய்யும்போது வாங்குபவர் போலி என்றுதான் நினைப்பார்.

14 செப்டம்பர் 2024

ஆனந்த்டெக் ஆகஸ்ட் 30 அன்று மூடப்பட்டுவிட்டது. 1997இல் ஆனந்த் லால் ஷிம்பி தொடங்கியது. கடையில் வாங்கிச் சோதிக்க யாராலும் முடியும், ஆனால் தற்காலிக நினைவகத்தின் ஒவ்வொரு அடுக்கையும் அளந்து, ஏன் இப்படி என்று பொறுமையாக எழுதுபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். எனக்கு இது உண்மையான இழப்பு.

ரைசன் 9000 பற்றி ஜூலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வெளியீட்டு நாளன்று எல்லாம் முதிர்ந்திருக்கும் என்பதும் சரியில்லை. ஆகஸ்ட் இறுதியில்தான் விண்டோஸ் 11க்கு வந்த ஒரு புதுப்பிப்பு இந்தப் பிராசசர்களின் கிளைக் கணிப்பை (அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று முன்கூட்டியே ஊகிப்பதை) மேம்படுத்தியது. அஜீசா (ஏஎம்டி தரும் பயாஸ் அடித்தளம்) 1.2.0.2 கொண்ட பயாஸ் இந்த மாதம்தான் வருகிறது, அது 9900எக்ஸ், 9950எக்ஸ் ஆகியவற்றில் கோர்களுக்கு இடையே ஏற்படும் தாமதத்தைக் குறைக்கிறது. ஆக, தடை நாளைக் காத்திருந்து வாங்கியவரும் முடிவடையாத பொருளைத்தான் வாங்கினார். திரும்ப எடுக்க முடிவது ஒன்றுதான் அந்த நாள் வாங்குபவருக்குத் தரும் உறுதியான பாதுகாப்பு. மற்றதற்கெல்லாம் உண்மையான தேதியுள்ள ரசீதும் 14 நாள் உரிமையும்தான்.

9700எக்ஸ் வாங்கியதாக நேற்று எழுதியவருக்கு: அதே பயாஸில் 65 வாட்டிலிருந்து 105 வாட்டுக்கு மாற்றும் அமைப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்தினாலும் உத்தரவாதம் போகாது. விளையாட்டுக்கு அதிக வேறுபாடு இருக்காது. வீடியோ மாற்றும் வேலை செய்கிறீர்கள் என்றால் மாற்றிப் பாருங்கள், ஆனால் முதலில் உங்கள் கூலரின் பெயரைச் சொல்லுங்கள்.